கவுன்ட்டர் கணினியின் டாஸ்க்பார்: ஜெராக்ஸ் கடையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு

திருவல்லிக்கேணியில் ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் மூன்றும் பார்க்கும் ஒரு கடையில் கவுன்ட்டர் கணினி என் பொறுப்பு. மேன்ஷனில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கடற்கரைச் சாலைக் கல்லூரி மாணவர்கள், ரேஷன் கார்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி வரும் பெரியவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். உட்கார்ந்து காத்திருக்க யாரும் வருவதில்லை. "அக்கா, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், ஹால் டிக்கெட், இரண்டு காப்பி" என்று சொல்லும்போதே சில்லறையை மேசைமேல் வைத்துவிடுவார்கள்.

அந்த நேரத்தில் வேர்டு ஜன்னலைச் சுருக்கி, குரோமைச் சுருக்கி, டெஸ்க்டாப்பில் கிடக்கும் ஐகான் கூட்டத்தில் ஸ்கேனரைத் தேடிக்கொண்டிருந்தால் வரிசை வாசலைத் தாண்டிவிடும். கணினி மெதுவாக இருக்கிறது என்று புதிய ஹார்டு டிஸ்க் போடச் சொல்வார்கள். பல கடைகளில் கணினி மெதுவாக இல்லை. தேடுவதுதான் மெதுவாக நடக்கிறது. திரையின் அடியில் எப்போதும் தெரிகிற டாஸ்க்பாரில் வேண்டியதை வேண்டிய வரிசையில் வைத்துவிட்டால் இந்தத் தேடல் அநேகமாக நின்றுவிடும். சொல்லித்தர ஆளில்லாமல், பழுது பார்க்க வந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதையெல்லாம் கீழே வரிசையாகத் தருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மெனுக்களின் பெயர்களைத் திரையில் ஆங்கிலத்தில் வருகிறபடியே தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன்

பழைய டைரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் முழுக்க எந்த புரோகிராமைத் திறந்தாலும் அதன் பெயருக்கு நேரே ஒரு கோடு போடுங்கள். சனிக்கிழமை வேண்டாம், திங்கட்கிழமை நல்லது. இதைச் செய்யாமல் நேராக ஐகான்களை அடுக்கத் தொடங்குபவர்கள், தாங்கள் பயன்படுத்துவதாக நினைப்பதைத்தான் அடுக்குவார்கள். மாதம் ஒருமுறை திறக்கும் போட்டோ எடிட்டர் முதலில் உட்கார்ந்துகொள்ளும். நாள் முழுக்கத் திறக்கும் கால்குலேட்டருக்கு இடம் இருக்காது.

அடுத்து, எந்த விண்டோஸ் என்று பாருங்கள். விண்டோஸ் கீயோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் கட்டத்தில் டபிள்யூ-ஐ-என்-வி-இ-ஆர் என்று தட்டி என்டர் கொடுத்தால் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்காக இந்த வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். ஆனால் வங்கி வேலை, பணம் கட்டும் வேலையெல்லாம் அந்தக் கணினியில்தான் நடக்கிறது என்றால் உரிமையாளரிடம் சொல்லி வையுங்கள்.

மூன்றாவதாக, எந்த லாகின் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டாஸ்க்பார் ஒவ்வொரு லாகினுக்கும் தனித்தனி. காலை ஷிஃப்ட் ஆள் ஒரு லாகினிலும் மாலை ஆள் வேறு லாகினிலும் வேலை செய்கிற கடையில், ஒருவர் அடுக்கியது மற்றவருக்குத் தெரியாது. இரண்டு லாகினிலும் ஒரே வரிசையில் அடுக்குங்கள். இல்லையென்றால் ஷிஃப்ட் மாறி உட்காரும் நாளில் விரல் தடுமாறும்.

நான்காவது, பிரவுசிங் சென்டராக இருந்து ஜெராக்ஸ் கடையாக மாறிய இடங்களுக்கு மட்டும். அங்கே பெரும்பாலும் டீப் ஃப்ரீஸ் போன்ற மென்பொருள் போட்டிருப்பார்கள். கணினியை அணைத்துப் போட்டால் செய்த மாற்றமெல்லாம் மறைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுதான் அதன் வேலை. இது தெரியாமல் தினமும் காலையில் ஐகான்களை அடுக்கி, வைரஸ் வந்துவிட்டது என்று புலம்புபவர்கள் உண்டு. அதன் பாஸ்வேர்டு உரிமையாளரிடம் இருக்கும். அதைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து, எல்லா மாற்றமும் முடிந்தபின் மறுபடி இயக்கச் சொல்லுங்கள்.

செலவு? ஒரு ரூபாய்கூட இல்லை. எல்லாம் விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. 'டெஸ்க்டாப் செட்டிங்' என்று சொல்லி 600 ரூபாய் கேட்ட ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்ய இருந்தது கீழே 4-ஆவது படியில் இருப்பது மட்டும்தான். டாஸ்க்பாரையே மாற்றித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களும் வேண்டாம். வீட்டில் விளையாடிப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் டாஸ்க்பாரே வராமல் போகும் ஆபத்தைக் கவுன்ட்டரில் வைத்துக்கொள்ளக் கூடாது.

நேரம் அரை மணி ஆகும். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் செய்யுங்கள். ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கைக் கூட்டத்திலும், ஏதாவது விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி நெருங்கும் வாரத்திலும் தொடவே தொடாதீர்கள். பழைய வரிசைக்குப் பழகிய கை புதியதற்கு மாறச் சில நாட்கள் பிடிக்கும்.

2. இருப்பதை அகற்றுங்கள்

கணினி வாங்கியபோதே டாஸ்க்பாரில் ஏதேதோ ஒட்டியிருக்கும். வேண்டாத ஐகான்மேல் ரைட் கிளிக் செய்து 'அன்பின் ஃப்ரம் டாஸ்க்பார்' கொடுங்கள். புரோகிராம் அழிந்துவிடுமோ என்று புதியவர்கள் கை நடுங்குவார்கள். அழியாது, ஐகான் மட்டும்தான் போகும். ஸ்டார்ட் மெனுவில் புரோகிராம் பத்திரமாக இருக்கும்.

பிறகு தேடல் கட்டம். விண்டோஸ் 10-இல் அது அரை அடி நீளத்துக்கு உட்கார்ந்திருக்கும். டாஸ்க்பாரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'சர்ச்' என்பதில் 'ஹிடன்' கொடுங்கள். அங்கேயே 'டாஸ்க் வியூ' பட்டனையும் 'நியூஸ் அண்ட் இன்ட்ரஸ்ட்ஸ்' என்பதையும் நிறுத்திவிடலாம். விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்து 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' போனால் சர்ச், டாஸ்க் வியூ, விட்ஜெட்ஸ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். கட்டத்தை மறைத்தாலும் தேடல் போகாது. விண்டோஸ் கீயை அழுத்தி நேராகத் தட்டினாலே தேடும்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கட்டாயம் செய்ய வேண்டும். ஐகான்கள் நடுவில் நிற்கின்றன அல்லவா? புதிதாக ஒரு புரோகிராம் திறந்தால் மொத்த வரிசையும் கொஞ்சம் இடப்பக்கம் நகரும், மூடினால் திரும்பி வரும். பார்க்க அழகுதான், ஆனால் கைக்குப் பழகவே பழகாது. 'டாஸ்க்பார் செட்டிங்ஸ்' பக்கத்தின் அடியில் 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' திறந்து, 'டாஸ்க்பார் அலைன்மென்ட்' என்பதில் 'லெஃப்ட்' கொடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

3. எதை வைப்பது, எந்த வரிசையில் வைப்பது

அஞ்சறைப்பெட்டியில் கடுகு எங்கே, சீரகம் எங்கே என்று பார்த்தா எடுக்கிறோம்? டாஸ்க்பாரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஆகவே பத்து ஐகான்களுக்கு மேல் வைக்காதீர்கள்.

பத்து என்பதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் கீயைப் பிடித்துக்கொண்டு 1 அழுத்தினால் டாஸ்க்பாரின் முதல் ஐகான் திறக்கும், 2 அழுத்தினால் இரண்டாவது திறக்கும், இப்படியே 9 வரை போகும், பத்தாவதுக்கு 0. ஸ்டார்ட் பட்டன், சர்ச், விட்ஜெட்ஸ் இவை கணக்கில் வராது. ஏற்கெனவே திறந்திருக்கும் புரோகிராம் என்றால் அந்த ஜன்னல் முன்னால் வரும். முன்னாலேயே இருந்தால் சுருங்கிக்கொள்ளும். பதினொன்றாவது ஐகானுக்கு எண் கிடையாது, மவுஸ் மட்டும்தான். அதை ஸ்டார்ட் மெனுவிலேயே விட்டுவிடுங்கள்.

வரிசையை அழகு பார்த்து அமைக்க வேண்டாம், அகர வரிசையும் வேண்டாம். ஒரு வாடிக்கையாளரின் வேலை எந்த வரிசையில் நடக்கிறதோ அதே வரிசையில் வையுங்கள். எங்கள் கடையில் கோப்பு வாட்ஸ்அப்பில் வருகிறது, ஒரு ஃபோல்டரில் இறங்குகிறது, பிடிஎஃப் என்றால் அதற்கான ரீடரில் திறக்கிறது, டைப் செய்ய வேண்டியது என்றால் வேர்டில் திறக்கிறது, அங்கிருந்து பிரிண்டருக்குப் போகிறது. ஆகவே 1 வாட்ஸ்அப், 2 'இன்று' என்ற ஃபோல்டர், 3 பிடிஎஃப் ரீடர், 4 வேர்டு. இந்த நான்கும் இடது கை விரல்களுக்கு அடியிலேயே இருப்பதால் மவுஸை விடாமல் திறக்கலாம்.

5 ஸ்கேனர். 6 பெயின்ட். சிரிக்க வேண்டாம், தேர்வு விண்ணப்பத்துக்குப் புகைப்படமும் கையெழுத்தும் இத்தனை கிலோபைட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். பெயின்டில் கன்ட்ரோல் கீயோடு டபிள்யூ அழுத்தி அளவைக் குறைத்துச் சேமிப்பதைவிட வேகமான வழியை நான் பார்த்ததில்லை. 7 குரோம். 8, 9 அடிக்கடி போகும் இரண்டு இணையதளங்கள். 0 கால்குலேட்டர், அது கடைசியிலேயே இருக்கட்டும். கணக்குப் பார்ப்பதும் வேலையின் கடைசியில்தானே.

உங்கள் கடை திருமணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு பக்கம் போனால் வரிசை முற்றிலும் வேறாக இருக்கும். பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துக் கடைக்கும் வேறு. என் வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் டைரியில் போட்ட கோடுகளைப் பாருங்கள். ஐகான்களை மவுஸால் இழுத்து இடவலமாக நகர்த்தலாம். ஒருமுறை முடிவு செய்தபின் ஒரு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

4. பின் செய்வது

பின் செய்வது என்றால் ஐகானை டாஸ்க்பாரில் நிலையாகக் குத்தி வைப்பது. புரோகிராமைத் திறங்கள். டாஸ்க்பாரில் வந்த அதன் ஐகானில் ரைட் கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். திறக்காமலே செய்ய வேண்டுமென்றால் ஸ்டார்ட் மெனுவில் அதன் பெயரைத் தட்டி, வரும் முடிவில் ரைட் கிளிக் செய்தால் அதே வாசகம் வரும். 600 ரூபாய் வேலை இவ்வளவுதான்.

சிக்கல்கள் இங்கேதான் வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால் கோப்பைப் பின் செய்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் 'மறுபடி இன்ஸ்டால் செய்யவா' என்று கேட்கும். பென் டிரைவிலிருந்து ஓடும் புரோகிராமையும் பின் செய்ய வேண்டாம். டிரைவைக் கழற்றியதும் ஐகான் வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். ஒரே மென்பொருளின் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சேர்ந்து கிடக்கும் கணினியில், எதைப் பின் செய்கிறோம் என்று திறந்து பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

பிடிஎஃப் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் வேண்டும். நீங்கள் பின் செய்திருப்பது ஒரு ரீடராக இருக்கும், கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் எட்ஜ் பிரவுசரில் திறக்கும். 3 அழுத்தினால் காலி ரீடர் வந்து நிற்கும், கோப்போ வேறு ஐகானுக்கடியில் இருக்கும். 'செட்டிங்ஸ்' போய் 'ஆப்ஸ்', அதில் 'டிஃபால்ட் ஆப்ஸ்' திறந்து, பிடிஎஃப் கோப்புகளுக்கு நீங்கள் பின் செய்த ரீடரையே தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

5. ஃபோல்டரைப் பின் செய்வது

ஃபோல்டரை டாஸ்க்பாருக்கு இழுத்துப் பார்ப்பவர்கள் குழம்புவது இங்கேதான். நேராக இழுத்தால் அது ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஐகானுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். தனி ஐகானாக வராது. தனி ஐகான் வேண்டுமென்றால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

முதலில் ஃபோல்டரை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள். டி டிரைவில் 'இன்று' என்று ஒன்றை உருவாக்குங்கள். டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ வேண்டாம். ஒன்டிரைவ் பேக்கப் இயங்கும் கணினியில் அந்த இரண்டில் வைப்பதெல்லாம் உரிமையாளரின் இணையக் கணக்குக்குத் தானாகவே ஏறிவிடும். யாரோ ஒருவருடைய ஆதார் நகல் அங்கே போய்க் கிடக்க வேண்டிய அவசியம் இல்லை.

இனி ஃபோல்டரின் முகவரியை நகலெடுக்க வேண்டும். விண்டோஸ் 10-இல் ஷிஃப்ட் கீயைப் பிடித்துக்கொண்டு ஃபோல்டர்மேல் ரைட் கிளிக் செய்தால் 'காப்பி அஸ் பாத்' வரும். 11-இல் ஷிஃப்ட் இல்லாமலே வரும். டெஸ்க்டாப்பின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து 'நியூ', 'ஷார்ட்கட்' கொடுங்கள். வரும் கட்டத்தில் ஆங்கிலத்தில் இ-எக்ஸ்-பி-எல்-ஓ-ஆர்-இ-ஆர் என்று தட்டி, ஒரே ஓர் இடைவெளி விட்டு, நகலெடுத்த முகவரியை ஒட்டுங்கள். முகவரி இரட்டை மேற்கோள் குறிகளோடுதான் வரும், அவற்றை அழிக்காதீர்கள். 'நெக்ஸ்ட்' கொடுத்துப் பெயர் வைத்து முடியுங்கள். டெஸ்க்டாப்பில் ஒரு ஷார்ட்கட் வந்திருக்கும். அதில் ரைட் கிளிக் செய்து 'பின் டு டாஸ்க்பார்' கொடுங்கள். விண்டோஸ் 11-இல் அந்த வாசகம் உடனே தெரியாவிட்டால் 'ஷோ மோர் ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் இருக்கும்.

அந்த இடைவெளியை விட மறந்தால் கோப்பு இல்லை என்று சொல்லும். விட்டிருந்தும் அப்படிச் சொன்னால் மேற்கோள் குறி ஒன்று காணாமல் போயிருக்கும். ஐகான் டாஸ்க்பாருக்கு வந்தபின் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஷார்ட்கட்டை அழித்துவிடலாம். ஆனால் அழிக்கும் முன் 7-ஆவது படியைப் படித்துவிடுங்கள். பின் செய்த ஃபோல்டரைத் திறந்ததும் ஜன்னல் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஐகானுக்கடியில் போய்ச் சேரும். அது இயல்புதான், சரிசெய்ய வேண்டிய கோளாறு அல்ல.

6. இணையதளங்கள்

எட்ஜ் என்றால் மூன்று புள்ளி மெனுவில் 'மோர் டூல்ஸ்', அதற்குள் 'பின் டு டாஸ்க்பார்'. குரோம் என்றால் மூன்று புள்ளி மெனுவில் 'காஸ்ட், சேவ் அண்ட் ஷேர்' என்பதற்குள் 'கிரியேட் ஷார்ட்கட்'. பிறகு அந்த ஷார்ட்கட்டை முன்பு சொன்னபடி பின் செய்யுங்கள்.

தளத்தின் முதல் பக்கத்தை மட்டும் பின் செய்யுங்கள். லாகின் செய்து உள்ளே போனபின் வரும் பக்கத்தைப் பின் செய்தால் மறுநாள் 'நேரம் முடிந்துவிட்டது' என்ற அறிவிப்பு மட்டுமே திறக்கும்.

இணையதளத்தைப் பின் செய்வதில் வேகத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. மின் கட்டணம் கட்டவோ தேர்வாணையத்துக்கு விண்ணப்பிக்கவோ ஒவ்வொரு முறையும் பெயரைத் தட்டித் தேடினால், முதலில் வருவது பல நேரம் விளம்பரம். அரசுத் தளம்போலவே வண்ணம் பூசிய தனியார் தளங்கள் அங்கே காத்திருக்கும். அவசரத்தில் அழுத்திவிட்டால் போவது வாடிக்கையாளரின் பணம். ஒருமுறை முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துப் பின் செய்துவிட்டால் தேட வேண்டிய தேவையே இல்லை. டிஎன்பிஎஸ்சி தளத்தின் முகவரி அரசு முகவரிகளுக்கே உரிய 'ஜி-ஓ-வி டாட் இன்' என்ற வாலோடு முடியும். எல்லா அரசு நிறுவனங்களுக்கும் அந்த வால் இருக்காது என்பதால், மற்றவற்றுக்கு ரசீதிலோ அறிவிக்கையிலோ அச்சடித்திருக்கும் முகவரியைப் பார்த்துத் தட்டுங்கள்.

7. ஐகானின் படத்தை மாற்றுவது

அடையாளம் தெரிய வேண்டும் என்றால் மாற்றலாம், அழகுக்காக வேண்டாம். மேலே செய்த 'இன்று' ஃபோல்டரும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரும் ஒரே மஞ்சள் படத்தோடு நிற்கும், அங்கே அவசியம். பின் செய்யும் முன்பே டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'சேஞ்ச் ஐகான்' அழுத்துங்கள். அங்கே வரும் படங்கள் போதவில்லை என்றால் 'பிரவுஸ்' கொடுத்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 என்பதில் ஷெல்32, இமேஜ்ரெஸ் என்ற இரண்டு கோப்புகளைத் தேடுங்கள். நூற்றுக்கணக்கான படங்கள் அவற்றில் இருக்கின்றன. சிவப்பாகவோ பச்சையாகவோ, தூரத்திலிருந்தே கண்ணில் படுகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஏற்கெனவே பின் செய்ததை மாற்ற வேண்டுமென்றால், டாஸ்க்பார் ஐகானில் ரைட் கிளிக், வரும் பட்டியலில் புரோகிராமின் பெயர்மேல் மறுபடி ரைட் கிளிக், பிறகு 'ப்ராப்பர்ட்டீஸ்'. ஸ்டோரிலிருந்து வந்த வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு இந்த வழி கிடையாது.

ஐகான் தருகிறோம் என்று எதையாவது இன்ஸ்டால் செய்யச் சொல்லும் தளங்களை மூடிவிடுங்கள். சொந்தப் படம் வைத்தே ஆக வேண்டும் என்றால் அதை முறையாக ஐகான் வடிவத்துக்கு மாற்ற வேண்டும்; கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் போதாது.

8. அடுத்தவர் ஆதார் உங்கள் டாஸ்க்பாரில்

இதைப் பற்றிப் பேசும் ஆட்களை நான் பார்த்ததில்லை. வேர்டு ஐகானிலோ பிடிஎஃப் ரீடர் ஐகானிலோ ரைட் கிளிக் செய்து பாருங்கள். அண்மையில் திறந்த கோப்புகளின் பெயர்கள் வரிசையாக எழும். கவுன்ட்டர் கணினியில் அந்தப் பட்டியல் என்னவாக இருக்கும்? ஒருவரின் ஆதார், இன்னொருவரின் வங்கி ஸ்டேட்மென்ட், மூன்றாமவரின் வாடகை ஒப்பந்தம். எதிரே நிற்பவர் தன் பிரிண்டைச் சரிபார்க்கத் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். திருவல்லிக்கேணி போன்ற பகுதியில் அவருக்கு அந்தப் பெயர்கள் தெரிந்தவையாகவே இருக்கலாம். ஒரு மருத்துவப் பரிசோதனை அறிக்கையின் கோப்புப் பெயரே போதும், எவ்வளவோ சொல்லிவிடும்.

வீட்டுக் கணினியில் இந்தப் பட்டியல் வசதியானது. முக்கியக் கோப்பைக் குத்தி நிறுத்தி வைத்துக்கொள்ளலாம். கடையில் வேண்டாம். 'செட்டிங்ஸ்' போய் 'பெர்சனலைசேஷன்', அதில் 'ஸ்டார்ட்' திறந்தால் அண்மையில் திறந்தவற்றை 'ஜம்ப் லிஸ்ட்' என்ற இந்தப் பட்டியலில் காட்டும் சுவிட்ச் ஒன்று இருக்கும். அதை அணைத்துவிடுங்கள். உரிமையாளர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால், பட்டியலில் அந்தப் பெயர்மேல் ரைட் கிளிக் செய்து 'ரிமூவ் ஃப்ரம் திஸ் லிஸ்ட்' கொடுத்தாவது ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

இத்தோடு முடியவில்லை. வேர்டுக்குள்ளேயே தனிப் பட்டியல் உண்டு. திறந்த உடனே பழைய கோப்புகளைக் காட்டும். 'ஃபைல்', 'ஆப்ஷன்ஸ்', 'அட்வான்ஸ்ட்' போய் 'டிஸ்ப்ளே' பகுதியில் ரீசன்ட் டாக்குமென்ட்ஸ் எண்ணிக்கையைச் சுழியம் ஆக்குங்கள். 'இன்று' ஃபோல்டரை இரவு கடை மூடும்போது காலி செய்யுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. நாளைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர்களின் கோப்புகளை மட்டும் வேறு ஃபோல்டருக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரே புரோகிராமின் பல ஜன்னல்களைத் தனித்தனியாகப் பெயரோடு காட்டும் வசதியும் டாஸ்க்பாரில் இருக்கிறது. விண்டோஸ் 11-இல் முதலில் இல்லாமல் 2023-இல் திரும்பி வந்தது. நான்கு வேர்டு கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வேலை செய்பவர்களுக்கு அது வரம். கோப்பின் பெயர் டாஸ்க்பாரிலேயே தெரியும் என்பதால், வாடிக்கையாளருக்குத் திரை தெரியும் கவுன்ட்டரில் நான் அதைப் போடுவதில்லை. உள்ளே இருக்கும் டைப்பிங் கணினியில் மட்டும் போட்டிருக்கிறேன்.

9. கடிகாரத்துக்குப் பக்கத்தில்

வலது ஓரத்தில் மேல்நோக்கிய சின்ன அம்புக்குறிக்குள் பல ஐகான்கள் மறைந்திருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் வெளியே இழுத்துப் போடுங்கள். ஒன்று பிரிண்டர். பிரிண்ட் வேலை நிலுவையில் இருக்கும்போது மட்டுமே அது தோன்றும். இரட்டைக் கிளிக் செய்தால் வரிசையில் எது சிக்கியிருக்கிறது என்று தெரியும். பேப்பர் வராத நேரத்தில் பிரிண்டரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள். மற்றது அழகி, என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்று நீங்கள் வைத்திருக்கும் தமிழ் டைப்பிங் மென்பொருள். தமிழில் இருக்கிறதா ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று தெரியாமல் பாஸ்வேர்டைத் தட்டிக் கணக்கு முடங்கிப்போனவர்கள் ஏராளம். விண்டோஸின் சொந்தத் தமிழ் விசைப்பலகை என்றால் விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பார் அழுத்தி மாற்றலாம். அதன் மொழிக் குறி எப்போதும் தெரியும்.

10. எண்களை ஒட்டி வையுங்கள்

'1 வாட்ஸ்அப், 2 இன்று, 3 பிடிஎஃப்' என்று பத்தையும் ஒரு விரல் அகலத் தாளில் அடித்து, லேமினேஷன் செய்து, மானிட்டரின் அடிச்சட்டத்தில் ஒட்டிவிடுங்கள். லேமினேஷன் நம் கடையிலேயே இருக்கிறதே. அடுத்து வேலைக்குச் சேரும் தம்பிக்கோ தங்கைக்கோ தனியாகச் சொல்லித்தர வேண்டாம்.

கூடவே பழக வேண்டிய மூன்று விஷயங்கள்: திறந்திருக்கும் வேர்டை விட்டுவிட்டு இன்னொரு புதிய வேர்டு ஜன்னல் வேண்டுமென்றால் விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எண் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மவுஸால் என்றால் ஷிஃப்ட் பிடித்து ஐகானை அழுத்துங்கள். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டிய புரோகிராம் என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் பிடித்து ஐகானை அழுத்துங்கள்.

11. கெட்டுப்போனால்

டாஸ்க்பாரே காணவில்லை, அல்லது ஐகான்கள் உறைந்து நிற்கின்றன: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' மேல் ரைட் கிளிக் செய்து 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். திரை ஒரு கணம் காலியாகி டாஸ்க்பார் திரும்பி வரும். திறந்திருக்கும் வேர்டுக்கு ஒன்றும் ஆகாது. மாற்றிய ஐகான் படம் தெரியாமல் பழையதே நின்றாலும் இதே மருந்துதான்.

ஐகான் வெள்ளையாகிவிட்டது: புரோகிராம் இடம் மாறியிருக்கிறது அல்லது அழிந்திருக்கிறது. அன்பின் செய்து, சரியான இடத்திலிருந்து மறுபடி பின் செய்யுங்கள்.

டாஸ்க்பார் திரையின் பக்கவாட்டுக்குப் போய்விட்டது: விண்டோஸ் 10-இல் மவுஸ் இழுபட்டால் நடக்கும். காலி இடத்தைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டு, ரைட் கிளிக் செய்து 'லாக் தி டாஸ்க்பார்' கொடுங்கள். இந்தப் பூட்டு டாஸ்க்பார் நகர்வதைத்தான் தடுக்கும்; யாராவது ஐகானை அன்பின் செய்வதைத் தடுக்காது.

பெரிய அப்டேட்டுக்குப்பின் கேட்காத ஐகான் ஒன்று வந்து உட்கார்ந்தால் எண்கள் மாறிவிடலாம். உடனே அகற்றுங்கள்.

எல்லாம் அடுக்கி முடித்ததும் செல்போனில் டாஸ்க்பாரை ஒரு படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பி வையுங்கள். புதிய கணினி வாங்கினால் இந்த வரிசை தானாக வராது, அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். ரிச்சி தெருவில் கணினியை அசெம்பிள் செய்து வாங்குவதாக இருந்தால், விண்டோஸ் போடும்போதே கடைக்கான லாகினை உங்கள் எதிரில் உருவாக்கச் சொல்லுங்கள். அவர்கள் ஏதோ ஒரு பெயரில் லாகின் போட்டுக் கொடுத்து, நீங்கள் எல்லாவற்றையும் அடுக்கியபின் வேறு லாகின் தொடங்கினால், மறுபடி முதல் படியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.